தப்ரபேன் தேசப்படமும் இருவகை வாசிப்புக்களும்

கி.பி. 150 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமியின் புவியியல் நூல் ஆசியாவுக்கு வகுத்த பன்னிரண்டு படங்களுள் இறுதியானது தப்ரபேன், அதாவது இலங்கை. அந்நூற் கணக்கின்படி இத்தீவின் வடமுனை வட அகலக்கோடு ஏறக்குறைய 12½ பாகையிலும், தென்முனை மத்திய கோட்டையும் கடந்து தெற்கே ஏறக்குறைய 2½ பாகையிலும் அமைகின்றன. உண்மையில் இலங்கை வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அடங்கிவிடுவது. நீளத்தில் மட்டும் ஏறக்குறைய நான்கு மடங்கு மிகை.

இம்மிகையை விளக்க முற்பட்டோர் இருவகையினர். பண்டையோரின் அறியாமைக்கு இதைச் சான்றாக்கி, தேசப்பட வரலாற்றைப் பிழையிலிருந்து திருத்தத்துக்குச் செல்லும் நேர்பாதையாகக் காட்டுவோர் ஒரு சாரார். அன்று தீவு உண்மையிலேயே பெரிதாயிருந்தது, எஞ்சியதைக் கடல் கொண்டது என்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பவராகத் தோன்றினும், அடிப்படையில் ஒரே எடுகோளின் மீதே நிற்கின்றனர். தேசப்படம் நிலத்தைப் பார்த்து வரைந்த சித்திரம் என்பதே அவ்வெடுகோள். தொலமியின் படம் எவ்வாறு உருவாயிற்று என்பதை நோக்குமிடத்து இவ்வெடுகோள் நிலைபெறுவதில்லை.

முதலாவதாக, தொலமியின் காலத்துப் படம் எதுவும் எஞ்சவில்லை. நூலின் உயிர்ப்பகுதி ஏறக்குறைய எண்ணாயிரம் இடங்களின் அகலக்கோடு, நெடுங்கோடு ஆகியவற்றைத் தரும் பட்டியலாகும். இன்று காணக்கிடைக்கும் படங்கள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பைசாந்தியத் துறவி பிளானுடேஸின் முயற்சிக்குப் பின்னர் எழுந்த ஏடுகளிலும், 1477இல் பொலோனாவில் தொடங்கிய அச்சுப் பதிப்புக்களிலும் இடம்பெற்றவை. அஃதாவது, படம் எண்களிலிருந்து பிறந்ததேயன்றி எண்கள் நிலத்தை அளந்து பிறந்தவையல்ல. சூரிய நிழலைக் கொண்டு அகலக்கோடு கணிக்கப்பட்ட ஊர்கள் மிகச்சில. ஏனையவை மாலுமிகளும் வணிகரும் சொன்ன பயண நாட்களைத் தூரமாக்கி, அத்தூரத்தைப் பாகையாக்கிப் பெறப்பட்டவை. வணிகர் தற்பெருமையாற் தூரங்களைக் கூட்டிச் சொல்வர் என்பதைத் தொலமி அறியாதவரல்லர். அந்நூலின் முதற் புத்தகத்தில் தம் முன்னோரான தீர் நகரத்து மரீனுஸைக் கண்டிக்கையில் அவரே இதனைக் குறிப்பிடுகின்றார்.

மிகையின் மூலத்தை இங்கேதான் தேடவேண்டும். தொலமிக்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் முற்பட்ட எரத்தோஸ்தனிஸ் இத்தீவின் நீளம் 7000 ஸ்தாதியம், அகலம் 5000 ஸ்தாதியம் எனக் கொண்டதாகப் பிளினி எழுதுகின்றார். தொலமியோ ஒரு பாகைக்கு 500 ஸ்தாதியம் என்ற கணக்கைக் கையாண்டவர். ஏழாயிரத்தை ஐந்நூறால் வகுப்பின் பதினான்கு பாகை வரும். அவரது தீவின் நீளமோ ஏறக்குறைய பதினைந்து பாகை. இவ்வொற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். எனினும், தொலமிக்கு நெடுங்காலம் முன்னரே தீவு கிரேக்க ஏடுகளிற் பெருத்துவிட்டது என்பதில் ஐயமில்லை. அதனை வேறோர் உலகமென்றே நீண்டகாலம் எண்ணியிருந்தனர் என்றும் பிளினி கூறுவது மனங்கொள்ளத்தக்கது.

அளவில் இத்துணை பிழைபட்ட படம் பெயர்களில் வியப்பூட்டும் செம்மை உடையது. அனுரோகிராமோன் என்ற அரச நகர் அனுராதபுரமெனக் கொள்ளப்படுகின்றது. கங்கை என்ற பெயரில் ஓர் ஆறு வருகின்றது; அதனை மகாவலி என்பர். மலையா என்றொரு மலைத்தொடரும், அதனருகே யானைகளின் மேய்ச்சல் நிலமும் குறிக்கப்பட்டுள்ளன. கங்கை என்பது சிங்களத்தில் ஆற்றுக்குப் பொதுப்பெயர். மலை என்பது தமிழிற் பொதுப்பெயர். ‘இது என்ன?’ என்று கேட்ட கப்பலோட்டிக்கு உள்ளூரவர் கூறிய விடை சிறப்புப்பெயராகி அலெக்சாந்திரியா வரை சென்றிருக்க வேண்டும். காதினாற் கேட்டவை சரியாகவும், நாட்கணக்கால் ஊகித்தவை பிழையாகவும் அமைந்தன. ‘அறியாமை’ என்ற ஒற்றைச் சொல் இவ்வேறுபாட்டை விளக்காது.

இம்மிகை பிற்காலத்தாரையும் இடர்ப்படுத்தியது. மத்திய கோடு ஊடறுத்துச் செல்லும் பெருந்தீவொன்றைத் தேடியோர்க்கு இலங்கை பொருந்தவில்லை, சுமாத்திரா பொருந்தியது. 15ஆம் நூற்றாண்டில் நிக்கலோ கொன்ரி என்ற வெனிஸ் வணிகர் சுமாத்திராவையே தப்ரபேன் என்றார். பிரா மௌரோவின் பெரும்படமும் அவ்வாறே கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் செபஸ்தியன் மூன்ஸ்ரரின் நூலில் தொலமியின் அதே தீவு சுமாத்திரா என்ற தலைப்புடன் அச்சேறியது. இலங்கையிற் போர்த்துக்கேயர் கால்பதித்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்நிலை நீடித்தது.

தேசப்படம் வரைவோனின் இருப்பிடத்தையே பெருப்பித்துக் காட்டும் என்றொரு பொதுவிதி அடிக்கடி கூறப்படுகின்றது. 1402இற் கொரியாவில் வரையப்பட்ட காங்னிடோ உலகப்படத்திற் கொரியா மிகப் பெரிதாக அமைவதும், 1602இல் மத்தேயோ ரிச்சி பீக்கிங்கில் வெளியிட்ட உலகப்படத்திற் சீனம் நடுவை அண்டி அமைவதும் இவ்விதிக்கு எடுத்துக்காட்டுக்கள். தப்ரபேன் இவ்விதிக்குள் அடங்காது. வரைந்தவருக்கு மிகத் தொலைவிலிருந்தும் அது பெருத்தது.

ஜே.பி. ஹார்லி 1989இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை தேசப்படத்தை அதிகாரத்தின் மொழியாக வாசிக்கக் கற்பித்தது. குடியேற்றவாத நில அளவைகளை விளங்கிக்கொள்ள அக்கருத்து இன்றியமையாதது. ஆயினும், உரோமப் பேரரசு என்றும் ஆளாத, ஆள எண்ணியதாகவும் தெரியாத ஒரு தீவின் பருமனை அதிகாரத்தால் மட்டும் விளக்க முனைவது வலிந்து பொருள்கோடலேயாகும். செவிவழிச் செய்தி, கணிதம், வணிகனின் பெருமிதம் ஆகியவற்றுக்கும் அங்கே பங்குண்டு.

தமிழறிஞர் சிலரிடையே செல்வாக்குப் பெற்ற கடல்கோள் வாசிப்பு தனியே நோக்கத்தக்கது. இலெமூரியா என்ற கருத்து 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் மடகஸ்கார் விலங்குகளைப் பற்றி எழுதியபோது தோன்றியது. புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்ற பின் அறிவியல் அதனைக் கைவிட்டது. பனிக்காலத்திற் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இலங்கை இந்தியாவுடன் இணைந்திருந்தது உண்மையே. ஆனால் அது தொலமிக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்டது. அவருக்குப் பின் கழிந்த ஏறக்குறைய 1900 ஆண்டுகளில் ஒரு பெருநிலப்பரப்பு மூழ்கியதற்குப் புவியியற் சான்று இல்லை. இலக்கியம் பேணிய கடல்கோள் நினைவை இலக்கியமாகவே ஆராய்தல் வேறு; அலெக்சாந்திரிய எண்பட்டியலை அதற்குச் சாட்சியாக அழைத்தல் வேறு.

அச்சாட்சியை அழைப்போர் அதே பட்டியலின் மற்றொரு வரியைக் கவனிப்பதில்லை. குமரிமுனையைத் தொலமி வட அகலக்கோடு 13½ பாகையளவில் வைத்துள்ளார். அம்முனை உண்மையில் உள்ளது 8 பாகையளவில். இந்தியத் தீபகற்பமே அவரது படத்திற் கூம்பிழந்து தட்டையாகிக் கிடக்கின்றது. தப்ரபேனின் நீளத்தை நம்பி நிலம் மூழ்கியது என்போர், குமரியின் இடத்தையும் நம்பி, அதன்பின் தமிழகம் ஐந்து பாகைக்கு மேல் தெற்கே வளர்ந்தது என்றும் வாதிட வேண்டியிருக்கும்.