வேபரின் ‘மாக்ட்’, ‘ஹெர்ஷாஃப்ட்’: தமிழில் ஓர் ‘அதிகார’ச் சிக்கல்

சமூக ஏற்றத்தாழ்வு குறித்த செவ்வியல் கோட்பாடுகள் தமிழுக்குப் பெரிதும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்துள்ளன. கார்ல் மார்க்ஸ், மாக்ஸ் வேபர் ஆகிய இருவரும் இவ்வகையில் தலையாய நூல்களை ஜெர்மன் மொழியில் எழுதியவர்கள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் செய்த தேர்வுகள், தமிழில் படிப்போர்க்கு மூல ஆசிரியரின் கருத்துகளாகவே தோற்றமளிக்கின்றன. ‘பவர்’, ‘அதாரிட்டி’ என்னும் இரு சொற்களுக்கும் நாம் பெரும்பாலும் ‘அதிகாரம்’ என்னும் ஒரே சொல்லை வழங்கி வருகிறோம். இதனால் வேபரின் கோட்பாட்டில் எது மறைந்துபோகிறது என்பதே இங்கு ஆராயப்படுவது.

வேபர் 1920இல் மறைந்தார். அவருடைய ‘பொருளாதாரமும் சமூகமும்’ அதன் பின்னரே 1921–22இல் முழுமையாக வெளிவந்தது. அதன் முதல் இயலிலேயே இரு கருத்துகளை அவர் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று ‘மாக்ட்’. சமூக உறவு ஒன்றில், பிறர் எதிர்த்தாலும் தன் விருப்பத்தைச் செலுத்தும் வாய்ப்பு ஒருவனுக்கு இருக்குமாயின் அது மாக்ட். அவ்வாய்ப்பு எதிலிருந்து வந்தது என்பது பொருட்டன்று. உடல் வலுவாக இருக்கலாம், பணமாக இருக்கலாம், பேச்சுத் திறனாகவும் இருக்கலாம். மற்றொன்று ‘ஹெர்ஷாஃப்ட்’. இட்ட கட்டளைக்குக் குறிப்பிட்ட மாந்தர் பணிவர் என்னும் வாய்ப்பு அது. முன்னதை வடிவமற்றது என்று கூறி வேபர் ஒதுக்கி வைக்கிறார். பின்னதைக் கொண்டே நூலின் பெரும்பகுதியைக் கட்டியெழுப்புகிறார். மனிதர் ஏன் பணிகின்றனர், எந்த நம்பிக்கையின் பேரில் பணிகின்றனர் என்னும் வினா இரண்டாவது சொல்லிலிருந்தே பிறக்கிறது.

ஆங்கிலத்தில் இச்சொல் பட்ட பாடு தனி வரலாறு. ஹெண்டர்சனும் டால்காட் பார்சன்சும் 1947இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு, ஹெர்ஷாஃப்ட்டைக் கட்டளைவழிக் கட்டுப்பாடு என்னும் பொருள்படப் பெயர்த்து, பல இடங்களில் ‘அதாரிட்டி’ என்றும் கொண்டது. சமூகத்தின் ஒழுங்கையும் ஒப்புதலையும் முதன்மையாகக் கருதிய பார்சன்சுக்கு அச்சொல் பொருந்தியதில் வியப்பில்லை. அதற்கு ஓராண்டு முன்னரே கெர்த், மில்ஸ் இருவரும் தம் தொகுப்பில் ‘டாமினேஷன்’ என்பதை ஆண்டிருந்தனர். ராத், விட்டிச் ஆகியோரின் 1968ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அது பெருவழக்காயிற்று. கீத் டிரைப் 2019இல் வெளியிட்ட புதிய மொழிபெயர்ப்பு ‘ரூல்’ என்னும் எளிய சொல்லுக்குத் திரும்பியுள்ளது. ஒப்புதலில் தொடங்கி அடக்குமுறை வழியாக ஆட்சிக்கு வந்து சேர எழுபது ஆண்டுகள் ஆகியுள்ளன. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இவற்றுள் எந்த ஆங்கிலப் பதிப்பைக் கையில் வைத்திருக்கிறாரோ அதற்கேற்ற வேபரே தமிழில் கிடைப்பார்.

தமிழில் ‘அதிகாரம்’ என்னும் சொல் உரிமையை உட்கொண்டது. தொல்காப்பியத்தின் மூன்று பகுதிகளும் அதிகாரம் எனப்படுவதில் ஒரு பொருள் பிறவற்றின்மேல் செலுத்தும் தலைமை குறிப்பாக உள்ளது. வழக்கிலோ பதவி இன்றி அதிகாரம் இல்லை. ‘உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?’ என்று தெருச்சண்டையில் கேட்பவர், எதிராளியின் வலுவை மறுக்கவில்லை. அவ்வலுவுக்கு உரிமை இல்லை என்கிறார். அவர் அறிந்த இவ்வேறுபாட்டை நம் பாடநூல் தமிழ் அழித்துவிடுகிறது. மாக்ட் என்பதை அதிகாரம் எனப் பெயர்த்தால் வழிப்பறிக்காரனுக்கும் அதிகாரம் உண்டு என்று எழுத நேர்கிறது. வேபர் தரும் ஓர் எடுத்துக்காட்டு பெருவங்கி. கடன் பெறுவோர்மேல் அது தன் நிபந்தனைகளைச் சுமத்துகிறது. ஆயினும் வங்கிக்குப் பணியும் கடமை என எவருக்கும் இல்லை. தத்தம் நலன் கருதியே அவர்கள் இணங்குகின்றனர். இதனைப் பேச்சுத் தமிழ் ‘பிடி’ என்கிறது. வட்டிக்காரரின் பிடியில் சிக்கினான் என்போமேயன்றி அவர் அதிகாரத்துக்கு உட்பட்டான் என்பதில்லை.

மாக்ட் என்பதற்கு ‘வல்லமை’ என்பதே தக்கது என்பது என் துணிபு. அச்சொல் ‘இயலுதல்’ என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானிய வினையடியிலிருந்து வந்தது. தமிழ் ‘வல்’ என்பதும் வலுவை உணர்த்துவதோடு இயலுதலையும் உணர்த்தும். மேலும், ஜெர்மன் மொழியில் மாக்ட் என்பதில் முடியும் ‘குரோஸ்மாக்ட்’ என்னும் தொடர்ச்சொல்லுக்கு நிகராகத் தமிழ் நாளேடுகள் ‘வல்லரசு’ என்பதை நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. வல்லமை ஒருவரின் தனிப் பண்பு போல் ஒலிக்கிறது என்னும் தடை எழலாம். அத்தடை மாக்ட் என்பதற்கும் உண்டு; அதனாலன்றோ வேபர் அதற்கு வரையறை தந்தார்.

ஹெர்ஷாஃப்ட் என்பதில் உள்ள ‘ஹெர்’ ஆண்டவனையும் எசமானனையும் குறிப்பது. இங்குத் தமிழுக்கு வாய்த்துள்ள வளம் ஆங்கிலத்துக்கு இல்லை. ‘ஆள்’ என்பது வினையாக ஆளுதலையும், பெயராக ஏவல் கேட்பவனையும் சுட்டும். தஞ்சை மாவட்டப் பண்ணைகளில் உழைத்தோர் நிலவுடைமையாளரை ‘ஆண்டை’ என்றே விளித்தனர். ஆளுகை என்னும் சொல்லில் ஆண்டையும் ஆளும் ஒருங்கே நிற்கின்றனர். ‘ஆட்சி’ அரசாங்கம் என்று சுருங்கிவிட்டமையால் ஆளுகையே பொருந்தும். அண்மைக் காலத்தில் நிருவாகத் துறையினர் அதனையும் தமதாக்கிக்கொள்ள முனைகின்றனர் என்பது வேறு செய்தி. அதிகாரத்தை நாம் இழக்க வேண்டுவதில்லை. உரிமை ஏற்கப்பட்ட ஆளுகைக்கு அதனை ஒதுக்கலாம்.

வல்லமை ஒரு சமுதாயத்துக்குள் பங்கிடப்படும் முறைகளாகவே வர்க்கம், ‘ஷ்டாண்ட்’, கட்சி ஆகிய மூன்றையும் வேபர் காண்கிறார். வர்க்கம் சந்தையில் ஒருவருக்குள்ள வாய்ப்பைப் பொறுத்தது. ஷ்டாண்ட் சமூக மதிப்பைப் பொறுத்தது. அடிமைகள் சந்தைக்கு அப்பாற்பட்டவர்கள் ஆதலின் அவர்கள் வர்க்கம் அல்லர், ஷ்டாண்ட் என்கிறார். முற்றிலும் மூடிக்கொண்ட ஷ்டாண்டே சாதி என்பதும் அவர் கருத்து. தமிழில் ‘வகுப்பு’ இதற்கு அருகில் வருகிறது. சென்னை மாகாணத்தில் 1921இல் வகுப்புவாரி ஆணை பிறந்தது முதல் அச்சொல் சாதி, சமயப் பிரிவுகளுக்கு உரியதாயிற்று. பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்பதில் இன்றும் அப்பொருளே. மார்க்சிய எழுத்துக்கு ‘வருக்க எழுத்து’, ‘வருக்க மோனை’ என இலக்கணம் வழங்கிய சொல் ‘வர்க்க’மாகக் கைகொடுத்தது. இந்தியில் பிற்பட்டோரைச் சுட்டவும் வர்க்கப் போராட்டத்தைச் சுட்டவும் ‘வர்க்’ ஒன்றே. தமிழ் திட்டமிடாமலே பெற்ற இப்பிரிவு ஒரு பேறு. எனினும் வகுப்பு என்பதை ஷ்டாண்டுக்குக் கொள்ள நான் தயங்குகிறேன். வகுத்தல் பிறர் செய்வது, அதிலும் அரசு செய்வது. ஷ்டாண்டோ தன்னைத்தானே உயர்த்தி வேலியிட்டுக்கொள்வது.

ஷ்டாண்ட் ‘நிற்றல்’ என்னும் வினையோடு உறவுடையது. நமக்கு ‘நிலை’ உண்டு. 1848இல் வெளிவந்த கம்யூனிஸ்ட் அறிக்கையின் புகழ்பெற்ற தொடர் ஒன்றில் மார்க்சும் எங்கெல்சும், ஷ்டாண்டைச் சார்ந்தனவும் நின்று நிலைத்தனவும் ஆவியாவதாகச் சொல்லில் விளையாடுகின்றனர். சாமுவேல் மூரின் 1888ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் வெறும் திடப்பொருளே உள்ளது. பழைய மதிப்புப் படிநிலை குலைவது பற்றிய கூற்று, பொதுவாக எல்லாம் மாறுவது பற்றிய கூற்றாகிவிட்டது. ஆங்கிலம்வழி பெயர்ப்பவர் திடத்தையே பெயர்ப்பார். மூலத்தைக் கண்டவர் ‘நிலை’ என்னும் ஒரு சொல்லால் அவ்விளையாட்டை மீட்கலாம். வேபருக்கு மட்டும் ‘மதிப்புநிலைக் குழு’ என நீட்ட வேண்டியுள்ளது. ‘நிலைக்குழு’வை நாடாளுமன்றம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

இவ்வேறுபாடுகள் அகராதிக்கு மட்டும் உரியன அல்ல. 1968 திசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை வர்க்கப் போர் என்பாரும் சாதிக் கொலை என்பாரும் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகின்றனர். கூலி நெல்லின் அளவு பற்றிய வழக்கு சந்தையைச் சார்ந்தது. தெருவும் தொழிலும் விளியும் பிறப்பால் குறிக்கப்பட்டிருந்தது மதிப்புநிலையைச் சார்ந்தது. மூன்றாவது ஒன்றும் உண்டு. செங்கொடிச் சங்கம் வேரூன்றிய இடங்களில் ஆண்டையின் கட்டளைக்குப் பணிவது கடமை என்னும் எண்ணம் தளர்ந்தது. ஆளுகை போயிற்று, வல்லமை எஞ்சியது. இவ்வாக்கியத்தை ‘அதிகாரம்’ என்னும் ஒற்றைச் சொல்லைக் கொண்டு எழுதிப் பார்க்கலாம்.