சில்லு காலுக்கு வழிவிடட்டும்

மலைச் சைக்கிள் ஓடுவோருக்காக 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச சங்கம் வகுத்த தடவிதிகளில் ஒன்று, சைக்கிள் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், இறங்கி வருபவர் ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது. மலையே இல்லாத யாழ்ப்பாணத்து நெல்லியடிக்கு இது எதற்கு என்று கேட்கலாம். ஒடுங்கிய ஒரே பாதையைக் காலும் சில்லும் பங்கிடுவதுதான் மலைத்தடத்தில் சிக்கல். பருத்தித்துறை வீதியை விட்டு ஒழுங்கைக்குள் திரும்பினால் இங்கேயும் அதே சிக்கல்தான். அந்த விதியை அளவுகோலாக வைத்தால் நம் ஒழுங்கை மரியாதையின் பலமும் பலவீனமும் புலப்படும்.

பலம் சிறிதல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடைப்பட்டபோது விறகும் நோயாளியும் பள்ளிப் பிள்ளையும் சைக்கிளில்தான் போனார்கள். 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோதும் சைக்கிளே கைகொடுத்தது. முடக்கில் மணி அடிப்பது, பெரியவரைக் கண்டால் இறங்கி உருட்டுவது, எதிரே சுமையோடு வருபவருக்காக வேலியோரம் ஒதுங்குவது என்ற எழுதாத ஒழுங்கு பொலிஸ்காரர் இல்லாமலே செல்லுபடியானது. வேகம் குறைவு, முகம் தெரிந்தது என்பவையே அதன் இரு தூண்கள்.

பலவீனமும் அங்கேதான். முகத்தைப் பார்த்து வரும் மரியாதை முகம் தெரியாதவருக்கு வராது. வாத்தியாருக்காக இறங்கியவர் தோட்டக் கூலியாளைக் கண்டு இறங்கியதில்லை. யார் யாருக்கு இறங்குவது என்பதைச் சாதியும் தீர்மானித்த காலம் உண்டு. ஆபத்தை அளந்து பிறந்த ஒழுங்கல்ல அது, அந்தஸ்தை அளந்து பிறந்தது. கிடுகு வேலிகள் இருந்த இடத்தில் மதில்கள் எழுந்து முடக்குகள் குருடாகிவிட்டன. மணியும் மட்காட்டும் இல்லாத அகலச் சில்லு மலைச் சைக்கிள்கள் அவற்றில் வேகமாகத் திரும்புகின்றன. மனிதருக்கு மட்டுமல்ல, மண்ணுக்கும் இந்த மரியாதையில் இடமிருக்கவில்லை. மாரி மழையில் ஊறிய வயல் வரம்பில் சில்லு ஓடினால் வரம்பு உடையும். மணற்காட்டு மணல்மேட்டில் அடம்பன் கொடியை மிதித்து ஓடினால், மணலைப் பிடித்து வைத்திருக்கும் வேரே அறுந்துபோகும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள்; திரள விட்டால்தானே?

ஆளுக்கு ஆள் நின்று வழிவிட்டால் ரியூசனுக்குப் போய்ச் சேர முடியுமா என்பது ஒரு மறுப்பு. நிற்கவேண்டியது ஒழுங்கை முழுக்க அல்ல. முடக்கிலும் நடப்பவர் அருகிலும் வேகம் தணிந்தால் போதும். மணி அடிக்கிறோமே என்பது இன்னொன்று. காது மந்தமான ஆச்சிக்கும் விளையாடும் பிள்ளைக்கும் மணி பயனில்லை. அது வருகையைச் சொல்லலாம், விலகும்படி கட்டளையிட முடியாது. மோட்டார் சைக்கிள்களை விட்டுவிட்டுச் சைக்கிளுக்குப் புத்தி சொல்வதா என்பதே கனமான மறுப்பு. உயிருக்கு அவைதான் பெரிய ஆபத்து, மறுக்க முடியாது. ஆனால் பலமுள்ளது பலமற்றதற்கு வழிவிட வேண்டும் என்று மோட்டார் சைக்கிளிடம் கேட்கிற சைக்கிள்காரர், அதே நியாயத்தால் நடப்பவருக்குக் கடன்பட்டவர். பழைய மரியாதையைக் கைவிட வேண்டியதில்லை; அதை முகத்திலிருந்து பிரித்தெடுத்தால் போதும். முடக்குக்கு அப்பால் வருவது யாரென்று தெரியாதபோதே, விரல் மணிக்குப் போகுமுன் பிறேக்குக்குப் போகவேண்டும்.