அன்னத்தின் அடியில் இருந்த நடுக்கம்

1931இல் வெளியான 'டிராகுலா' படத்தின் தொடக்கத்தில், வௌவால் சித்திரத்தின் மேல் பெயர்கள் வரும்போது ஒலிப்பது பேய்ப்படத்துக்கென்று எழுதிய இசை அல்ல. சாய்கோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' பாலேயில், இரண்டாம் அங்கத்தில் வரும் அன்னங்களின் மெட்டு அது. அடுத்த ஆண்டு 'தி மம்மி' படத்தின் தலைப்புக்கும் யுனிவர்சல் நிறுவனம் அதையே எடுத்துப் போட்டது. பேசும்படம் வந்த புதிது. ஒவ்வொரு படத்துக்கும் தனியாகப் பின்னணி இசை எழுதும் பழக்கம் வேரூன்றவில்லை. கைக்குக் கிடைத்ததைப் போட்டார்கள் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கைக்குக் கிடைக்க எத்தனையோ இருந்தபோது, வெள்ளை உடையில் பெண்கள் நுனிக்காலில் ஆடும் இசை ரத்தக் காட்டேரிக்குப் பொருந்தும் என்று ஒருவர் காதுக்குத் தோன்றியிருக்கிறதே!

அந்தக் காது சரியாகத்தான் கேட்டது. மெட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஓபோ ஒன்று தனியாகப் பஞ்சமத்தில் நீண்டு நிற்கிறது. சட்டென்று ஷட்ஜத்துக்கு இறங்கி, ச ரி க ம என்று ஏறி மறுபடி பஞ்சமத்தைத் தொடுகிறது. தொட்ட பிறகும் அமைதி இல்லை. காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே போய்ப் போய் முட்டிவிட்டுச் சரிகிறது. நம் காதுக்கு நடபைரவியின் சாயல். அவர்கள் கணக்கில் பி மைனர். மேலே இவ்வளவுதான். கீழேதான் விஷயம் இருக்கிறது. வயலின்கள் வில்லை ஒரே சுரத்தின் மேல் வேகவேகமாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருக்கின்றன. ட்ரெமலோ என்பார்கள். மேடையில் கேட்டால் ஏரித் தண்ணீரின் சிலிர்ப்பு. கூடவே ஒலிக்கும் ஹார்ப்பை எடுத்துவிட்டு, ஓபோவையும் எடுத்துவிட்டு அந்த ட்ரெமலோவை மட்டும் கேட்டுப் பாருங்கள். இருட்டு மாடிப்படியில் கதாநாயகி தனியாக ஏறும் காட்சிக்கு இன்றைக்கும் எல்லா இசையமைப்பாளர்களும் போடுவது அதைத்தான்.

டேரன் அரனோஃப்ஸ்கியின் 'பிளாக் ஸ்வான்' (2010) படத்துக்கு கிளின்ட் மான்செல் செய்த பின்னணி இசையை நான் ரசிப்பது இந்த இடத்திலிருந்துதான். அழகான இசையின் மேல் அவர் பயத்தைப் பூசினார் என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடியில் இருந்ததை மேலே கொண்டுவந்தார், அவ்வளவே.

கதை தெரிந்ததுதான். நியூயார்க்கில் ஒரு பாலே குழு. நீனா என்ற நடனக்காரிக்கு 'ஸ்வான் லேக்' முதன்மைப் பாத்திரம் கிடைக்கிறது. வெள்ளை அன்னமான ஓடெட், அவளைப் போலவே உருவெடுத்து வந்து இளவரசனை ஏமாற்றும் ஓடீல், இரண்டையும் ஒருத்தியே ஆட வேண்டும். வெள்ளை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கறுப்பு வரவில்லை. அதை வரவழைக்கும் முயற்சியில் அவள் மனம் பிளந்துபோகிறது. நாட்டலி போர்ட்மனுக்கு இந்தப் படத்தில்தான் ஆஸ்கர் கிடைத்தது.

இப்படி ஒரு கதைக்கு 'ஸ்வான் லேக்' இசை தயாராகவே இருக்கிறதே, இசையமைப்பாளருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வேலையே அதுதான். பாலே இசை ஆடுபவருக்குத் தரை போட்டுக் கொடுக்கும் இசை. எட்டு எண்ணிக்கைக்கு ஒரு சொற்றொடர் முடியும். தாவப் போகிறாள் என்றால் இசை முன்கூட்டியே மூச்சை இழுத்துக்கொள்ளும். இறங்கும் காலுக்கு அடியில் ஒரு தாளம் வந்து நிற்கும். போதாததற்கு மேடையில் பேச்சு கிடையாது. அதனால் கோபம், காதல், துரோகம் எல்லாவற்றையும் ஆர்கெஸ்ட்ராவே சொல்லித் தீர்க்க வேண்டும். சாய்கோவ்ஸ்கி ஒரு வினாடியையும் சும்மா விடுவதில்லை. திரில்லருக்கு இது நேர் எதிர். அடுத்து கால் எங்கே விழும் என்று பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது. அந்த இசையை அப்படியே போட்டால் படம் மூச்சு முட்டிப்போகும். நடிகையின் முகத்துக்கு வேலையே இருக்காது.

மான்செல் பழைய வீட்டைப் பிரிப்பவரைப் போல வேலை செய்திருக்கிறார்: ஓடு, செங்கல் எல்லாம் போகட்டும், இந்த உத்தரம் மட்டும் எனக்கு வேண்டும் என்று. ஒரு மெட்டின் முதல் நான்கு சுரங்கள், ஒரு ஹார்ப் அசைவு, அடித்தந்திகளின் ஒரு முணுமுணுப்பு. அதை எடுத்து நீட்டி, வேகத்தைக் குறைத்து, முடிய வேண்டிய இடத்தில் முடிக்காமல் விட்டுவிடுகிறார். ஆடுபவருக்குப் போட்ட தரையை உருவிவிட்டால் மிஞ்சுவது தலைசுற்றல். நீனாவுக்கு நடப்பதும் அதுதான்.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரசியம். மான்செல் பியானோவோடு வளர்ந்த கன்சர்வேட்டரி ஆள் அல்ல. 'பாப் வில் ஈட் இட்செல்ஃப்' என்ற ஆங்கிலேய ராக் குழுவில் பாட்டும் கிதாருமாக இருந்தவர். மற்றவர்களின் இசைத்தட்டுகளிலிருந்து துண்டு வெட்டி ஒட்டிப் பாட்டு செய்வதில் பேர்போன குழு அது. அரனோஃப்ஸ்கியின் முதல் படமான 'பை' (1998) தொடங்கி 'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்', 'தி ஃபவுன்டன்', 'தி ரெஸ்லர்' என்று தொடர்ந்து அவரோடு வேலை செய்தார். 'ரெக்வியம்' படத்தில் குரோனோஸ் குவார்டெட் வாசித்த அந்தச் சில சுரச் சுழற்சி உலகம் முழுக்க விளம்பரங்களில் தேயத் தேயப் பயன்பட்டது. சாம்பிள் வெட்டிப் பழகிய காதுக்கு சாய்கோவ்ஸ்கியும் ஒரு இசைத்தட்டுதான். செவ்வியல் பயிற்சி பெற்ற ஒருவருக்குக் கை கூசியிருக்கும்.

படத்தில் இசை சில இடங்களில் தலைகீழாக ஓடுகிறது. இதைக் கேட்டவுடன் மலிவான வித்தை என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது என்னவென்று பாருங்கள். மீட்டிய அல்லது தட்டிய எந்த ஒலியும் பளிச்சென்று பிறந்து மெல்லக் கரையும். பிறக்கும் அந்தக் கணத்தை வைத்துத்தான் இது ஹார்ப், இது பியானோ என்று காது அடையாளம் காண்கிறது. நாடாவைத் திருப்பி ஓட்டினால், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒலி ஊறி வந்து, பெரிதாகி, உச்சத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது. சுரங்கள் அவைதான், வாத்தியமும் அதுதான், ஆனால் அடையாளம் தெரியாது. யாரோ நமக்கு எதிராக மூச்சை உள்ளே இழுப்பது போல இருக்கும். கண்ணாடியில் தன் உருவம் தன்னை மீறி அசைவதைப் பார்க்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி எது? கண்ணாடியும் அதே உருவத்தைத் திருப்பித்தானே காட்டுகிறது.

கிரெய்க் ஹெனிகனின் ஒலி வடிவமைப்பு இதோடு பிணைந்திருக்கிறது. இறகு படபடப்பு, தோல் உரசல், நீனாவின் மூச்சு எல்லாம் இசைக்குள் நுழைந்து வெளியே வருகின்றன. தோளில் தூக்கிய கேமராவோடு மேத்யூ லிபாடிக் ஆடுபவர்களுக்கு நடுவே புகுந்து எடுத்திருப்பதால், ஷூ தரையில் தட்டும் சத்தம்கூடக் கிட்டத்தில் கேட்கிறது. பாலே அரங்கில் முதல் வரிசைக்காரர்களுக்கு மட்டும் கேட்கும் சத்தம் அது. பூப்போன்ற கலை என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த மரத்தட்டலே முதல் அதிர்ச்சி.

எனக்கு மிகப் பிடித்த இடம் பெரிய ஆர்கெஸ்ட்ரா எதுவும் இல்லாத இடம். பயிற்சிக் கூடம், இரவு நேரம். பியானோக்காரர் ஒருவர் வாசிக்க நீனா மறுபடி மறுபடி ஆடிப் பார்க்கிறாள். ஒத்திகையில் பாலே இசை இப்படித்தான், வண்ணம் எல்லாம் போய் எலும்புக்கூடாகப் பியானோவில் கேட்கும். ஒரு கட்டத்தில் அவர் போதும் என்று மூடிவைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அவள் விடவில்லை, வாசிப்பில்லாமலே ஆடுகிறாள். விளக்கும் அணைகிறது. அதுவரை கூடத்துக்குள் ஒரு மனிதர் வாசித்த இசை, இனி அவள் தலைக்குள் மட்டும் ஓடும் இசை. படம் முழுக்க இந்தக் கோடு அழிந்துகொண்டே போகிறது. அவள் அறையில், பாவை சுழலும் சின்ன இசைப்பெட்டியிலும் இதே மெட்டுதான். வேலை, வீடு, தூக்கம் எதிலும் இந்த இசையிலிருந்து அவளுக்கு விடுதலை இல்லை. வேறு இசை ஒரே ஒருமுறைதான் அவளைப் பிடிக்கிறது. இரவு விடுதியில், கெமிக்கல் பிரதர்ஸின் மின்னிசை. அங்கே அவள் எட்டு எண்ணிக்கையை மறந்து ஆடுகிறாள்.

குறை சொல்லவும் இருக்கிறது. திடீரென்று ஒரு முகம் தெரியும்போது டமார் என்று அறையும் சத்தங்கள் இந்தப் படத்தில் தேவைக்கு மேல் வருகின்றன. அவ்வளவு நுட்பமாகத் தரையை உருவியவர்கள், நாம் விழுந்தோமா என்று சந்தேகப்பட்டுப் பிடித்துத் தள்ளியும் விடுகிறார்கள். அதை எந்தப் பேய்ப்படமும் செய்யும்.

புனிதமான படைப்பைச் சிதைத்துவிட்டார் என்று மூக்கைச் சுளித்தவர்களும் உண்டு. அவர்களுக்கு 'ஸ்வான் லேக்' வரலாறு தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். 1877இல் மாஸ்கோ பொல்ஷாய் அரங்கில் முதன்முதல் ஆடியபோது அது பெரிதாக எடுபடவில்லை. இன்று உலகம் பார்க்கும் வடிவம் 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்குக்காக மாரியஸ் பெத்திபாவும் லெவ் இவானோவும் அமைத்ததை ஒட்டியது. சாய்கோவ்ஸ்கி 1893லேயே இறந்துவிட்டார். இசையை வெட்டி, இடம் மாற்றி, ஒட்டியவர் அந்த அரங்கின் நடத்துநர் ரிக்கார்டோ டிரிகோ. கறுப்பு அன்னத்தின் புகழ்பெற்ற ஜோடி ஆட்டத்துக்கு நாம் கேட்கும் இசை கறுப்பு அன்னத்துக்காக எழுதப்பட்டதே இல்லை. முதல் அங்கத்தில், இளவரசனின் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் இருந்ததைப் பெயர்த்து மூன்றாம் அங்கத்தில் வைத்தார்கள். அதற்குள் ஓடீல் தனியாக ஆடும் பகுதி இன்னும் வேடிக்கை: சாய்கோவ்ஸ்கி கடைசி ஆண்டில் எழுதிய 18 பியானோ துண்டுகளில் ஒன்றை டிரிகோ ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றிச் செருகியது. கொண்டாட்ட இசையும் விளையாட்டுத்தனமான ஒரு பியானோ துண்டும் இடம் மாறிய உடனே வஞ்சகம் ஆகிவிட்டன.

அவ்வளவு ஏன், சாய்கோவ்ஸ்கியே இதைச் செய்தவர்தான். இரண்டாம் அங்கத்தில் வயலினும் செல்லோவும் மாறி மாறிப் பாடும் காதல் பகுதி, அவர் எழுதி அரங்கேறாமல் போய், பிறகு தானே அழித்துவிட்ட 'உந்தீனா' என்ற ஓபராவில் ஆணும் பெண்ணும் பாடிய இணைப்பாட்டு. படத்தில் தனி வயலின் வாசிக்கும் டிம் ஃபெயின் திரையிலும் வயலினோடு தோன்றுகிறார். அவர் இழைக்கும் வரிகளைக் கேட்கும்போது, இந்த இசையின் ஒரு பகுதி முதலில் மனிதக் குரலுக்காகப் பிறந்தது என்பதை நினைத்துக்கொள்வேன்.

பயம் என்ற வாசனையும் இந்த இசைக்குச் சினிமா மட்டும் தந்ததில்லை. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது சோவியத் தொலைக்காட்சி செய்தியை நிறுத்திவிட்டு 'ஸ்வான் லேக்' ஒளிபரப்பியது. அந்தத் தலைமுறை ரஷ்யர்களுக்கு அன்னங்கள் திரையில் ஆடினால் வெளியே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

மான்செலின் உண்மையான ரசனை எனக்குத் தெரிவது கடைசி அரைமணியில். அரங்கேற்ற இரவு. அதுவரை துண்டு துண்டாக்கி, நீட்டி, திருப்பி ஓட்டியவர் இங்கே மெல்ல ஒதுங்கிக்கொள்கிறார். ஓடீல் சுழலும் இடத்தில் சாய்கோவ்ஸ்கியின் வேகமும் தாளமும் முழு ஆர்கெஸ்ட்ராவாக வந்து நிற்கின்றன. 1895இல் பியரினா லெக்னானி 32 ஃபுவெத்தே சுழற்சிகளைச் சேர்த்து ஊரை மலைக்க வைத்தது இந்த ஆட்டத்தில்தான். நீனா சுழலச் சுழல, கேமராவும் அவளைச் சுற்ற, கைகளில் கறுப்பு இறகு முளைத்துச் சிறகாக விரிகிறது. கண் பார்ப்பது முழுப் பைத்தியம், காது கேட்பது பிசிறில்லாத பழைய பாலே. படம் முழுக்கத் தரையில்லாமல் தவித்தவளுக்கு இங்கேதான் தரை கிடைக்கிறது, மனம் முற்றிலும் கழன்ற பிறகு. வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் சத்தத்தை இன்னும் கோணலாக்கியிருப்பார்கள்.

முடிவும் அப்படியே. சாய்கோவ்ஸ்கி தன் பாலேயைச் சோகத்தில் முடித்தாலும் இசையைச் சோகத்தில் முடிக்கவில்லை. பி மைனரில் தவித்த அன்ன மெட்டு ஆர்கெஸ்ட்ராவின் முழு பலத்தோடு வந்து, பிறகு பி மேஜருக்குத் தாவுகிறது. சாதாரண காந்தாரம் இருந்த இடத்தில் அந்தர காந்தாரம் வந்து உட்காருகிறது. வயிற்றில் ரத்தம் கசிய விழுந்து கிடப்பவளின் மேல் அந்த வெற்றி முழக்கம் பெரும்பாலும் எழுதியபடியே விழுகிறது. அவள் ஜெயித்தாளா செத்தாளா என்ற கேள்விக்கு இசை ஒரு பக்கம் மட்டும் பதில் சொல்கிறது, அதுவும் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த பதில்.

இந்த இசையை ஆஸ்கரின் அசல் பின்னணி இசைப் பிரிவில் சேர்க்க அகாடமி மறுத்துவிட்டது. ஏற்கெனவே இருந்த இசை அதிகம் கலந்திருக்கிறது என்பது காரணம். விதிப்படி சரிதான், அந்த ஆண்டு விருது 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்காக ட்ரென்ட் ரெஸ்னருக்கும் அட்டிகஸ் ராஸுக்கும் போனதில் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் அகாடமியின் அளவுகோலை 1895க்கு எடுத்துப் போயிருந்தால் டிரிகோவும் வெளியே நின்றிருப்பார். அவர் பெயரை இன்றைக்கும் 'ஸ்வான் லேக்' சுவரொட்டிகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.