சிறைக்கோட்டமும் கடைமடையும்

தமிழ்க் காப்பியங்களுள் சிறையைப் பற்றி ஆழ்ந்து எண்ணியது மணிமேகலை எனல் மிகையன்று. அந்நூலின் முப்பது காதைகளுள் பத்தொன்பதாவது, ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்னும் பெயர் பூண்டது. நிகழ்விடமோ காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார். அந்நூலை 1898ஆம் ஆண்டில் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோது, அவர் ஆசிரியராக இருந்ததும் காவிரிக் கரையிலுள்ள கும்பகோணத்துக் கல்லூரியிலேயே. ஆகவே இக்காதை நம் தஞ்சை மண்ணுக்கு இருவகையில் உரியது.

கதையை அன்பர்கள் அறிவர். அரசிளங்குமரன் உதயகுமரனின் நாட்டத்திலிருந்து தப்பக் காயசண்டிகையின் உருக்கொண்ட மணிமேகலை, அமுதசுரபியோடு சிறைக்கோட்டத்தினுள் நுழைகிறாள். பசித்துக் கிடந்தோர்க்கு உணவளிக்கிறாள். வியப்புற்ற காவலர் வேந்தனிடம் அறிவிக்கின்றனர். அழைத்து வினவிய அரசனிடம் அவள் பொன்னும் மணியும் கேட்கவில்லை. சிறையை நீக்கி, அவ்விடத்தை அறவோர்க்கு உரியதாக்குமாறு கேட்கிறாள். அவ்வாறே ஆயிற்று. கொடுஞ்சிறை இருந்த இடத்தில் அட்டில் எழுந்தது. உண்போர்க்குச் சாலை எழுந்தது.

இதுகாறும் இக்காதையைப் போற்றியோர் பலர், இதனை அருளின் வெற்றி என்ற அளவில் நிறுத்திக்கொண்டனர். நாம் இன்னும் மூன்று காதை கடந்து படித்தல் வேண்டும். இருபத்திரண்டாவது காதையின் பெயர் என்ன? ‘சிறைசெய் காதை’! உதயகுமரன் வெட்டுண்டு இறந்த பின்னர், எக்குற்றமும் செய்யாத மணிமேகலையே அரசன் ஆணையால் காவலில் வைக்கப்படுகிறாள். சிறையை அறச்சாலையாக்கியவளுக்கே சிறை. அடுத்த காதையில் அரசமாதேவி அவளைச் சிறைவிடுவித்துத் தன்பால் அழைத்துக்கொண்டு, பல கொடுமைகளுக்கு உள்ளாக்குகிறாள்.

இது ஏன் நேர்ந்தது? அரசன் கட்டடத்தை மாற்றினான். ஒருவரைச் சிறையிடும் முறையை மாற்றவில்லை. அருளால் திறந்த கதவை ஆணையால் மீண்டும் மூட இயலும். விடுபட்டோர் எவ்வூர் சென்றனர், என்ன தொழில் செய்து பிழைத்தனர் என்பதையும் சாத்தனார் தொடர்ந்து உரைத்திலர். காப்பியத்தின் பேரழகு இக்காதை; காப்பியம் விடை கூறாது விட்ட கேள்வியும் இதுவே.

இக்குறையை நம் வாசகர்க்கு நன்கு விளக்குவது திருமறையின் யூசுப் அத்தியாயம். பழி சுமந்து ஆண்டுகள் பல சிறையில் கழித்த யூசுப் நபி (அலை) அவர்களை மன்னன் அழைத்தபோது, அவர்கள் உடனே வெளியேறவில்லை. முதலில் வழக்கை விசாரிக்குமாறு கேட்டார்கள். அரசனின் தயவு அன்று, உண்மையே தம்மை விடுவிக்க வேண்டும் என்று நின்றார்கள். பின்னர் நாட்டின் களஞ்சியங்களின் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார்கள். வரவிருந்த பஞ்சத்துக்கு அரணாயினார்கள். முதலில் நீதி, பிறகு களஞ்சியம். இவ்விரண்டும் சேர்ந்ததே நிலைத்த விடுதலை.

இன்றைய நிலை யாது? 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். இடமோ 4,36,266 பேருக்கே. அவர்களுள் 4,34,302 பேர் குற்றம் தீர்மானிக்கப்படாத விசாரணைக் கைதிகள். நால்வருள் மூவர் மணிமேகலையின் நிலையில் இருக்கின்றனர் என்க.

சட்டம் அடியோடு உறங்கவில்லை. முதன்முறை தவறியோரை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவிக்க 1958ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களில், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவர் அதனைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையே தண்டனை. மரணமோ ஆயுளோ தண்டனையாக வரக்கூடிய வழக்குகள் நீங்கலாக, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்திருந்தால் பிணைமுறியில் விடப்பட வேண்டும். நல்லவையே. ஆயினும் சிறையில் மிச்சமாகும் பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதை இவற்றுள் ஒன்றும் கூறவில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில மக்கள் 2014ஆம் ஆண்டில் வாக்களித்து அதனைக் கூறினர். சிறு திருட்டுக்கும் சொந்தப் பயனுக்கான போதைப்பொருளுக்கும் தண்டனையைக் குறைத்தனர். மிச்சமாகும் தொகையை ஆண்டுதோறும் கணக்கிட்டு, நூற்றுக்கு 65 பங்கு மனநல, போதை மருத்துவத்துக்கும் சிறைக்கு மாற்றான வழிகளுக்கும், 25 பங்கு பள்ளியை விட்டு நழுவும் பிள்ளைகளுக்கும், 10 பங்கு குற்றத்தால் துன்புற்றோர்க்கும் எனச் சட்டத்திலேயே எழுதினர். 2024ஆம் ஆண்டில் அதே மக்கள் சில தண்டனைகளை மீண்டும் கடுமையாக்கினர் என்பதையும் மறைத்தல் முறையன்று. திருட்டுக்கு அஞ்சுவோரின் குரலும் நியாயமானதே. வயலில் மோட்டார்க் கம்பியைப் பறிகொடுத்து, நாற்று காயக் காணும் உழவனிடம் சென்று அருளை மட்டும் பேசுதல் தகாது. அவனுக்கும் ஒரு பங்கு வேண்டும். அந்தப் பத்துப் பங்கின் பொருள் அதுவே.

தஞ்சைத் தரணியில் இதனை விளக்க நீண்ட உரை தேவையில்லை. மேட்டூர் அணை நிரம்பினால் மட்டும் கடைமடை வயல் நனைவதில்லை. மதகு திறக்க வேண்டும். வாய்க்கால் தூர்வாரப்பட வேண்டும். முறைவைத்து நீர் விட வேண்டும். சிறையில் மிச்சமாகும் பணமும் அத்தகையதே. வாய்க்கால் வெட்டாவிடில் அது எங்கோ தேங்கி நிற்கும். நடவுக் காலத்தில் கூலியாள் ஒருவன் பிணை கொடுக்க ஆளின்றிச் சிறையில் கிடந்தால், அவன் குடும்பம் இழப்பது ஆண்டு முழுவதற்குமான அரிசியை. அவன் மகன் பள்ளியை விட்டு நின்றால், அடுத்த தலைமுறைக்கும் சிறையின் வழி திறக்கிறது. அந்த வாசலில்தான் அறக்கோட்டம் அமைய வேண்டும்.

சாத்தனார் சிறையை அடுக்களையாக்கிக் காட்டினார். அக்கனவு பெரிது. அதைச் சட்டமாகவும் கணக்காகவும் ஆக்கும் கடமை நம்முடையது. இல்லையேல் பத்தொன்பதாம் காதையைப் போற்றிக்கொண்டே இருபத்திரண்டாம் காதையில் நாம் வாழ்ந்து கொண்டிருப்போம்.