மைக் பிடிக்கிற அண்ணாச்சி

பிளவக்கல் அணைக்குப் போயிருக்கிறீர்களா? ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வத்திராயிருப்பு தாண்டி, மலையடிவாரம். பெரியாறு 47 அடி, கோவிலாறு 42 அடி என்று அடுத்தடுத்து இரண்டு அணைகள். பல வருஷமாக அங்கேயேதான் இருக்கின்றன. 2025 ஜூனில் பக்கத்துக் கூமாப்பட்டி இளைஞர் ஒருவர் செல்போனைப் பார்த்து, 'ஏங்க...' என்று கூப்பிட்டார். அவ்வளவுதான், எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, அணையில் குளிக்கத் தடை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

சரக்கு பழசு, சொன்ன ஆள் புதுசு. கூட்டம் வந்தது. உள்ளே ஏற்பாடு இல்லை, திரும்பிப் போனது. ஒரு பழைய சங்கதியை ஊரறிய விற்பது எப்படி என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடையாது. பெரிய உதாரணம் வேண்டுமானால் அமெரிக்கா போகவேண்டும்.

1993-ல் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்ற சண்டைப் போட்டி ஆரம்பமானது. குத்துச்சண்டைக்காரர், மல்யுத்தக்காரர், கராத்தேக்காரர் எல்லாரையும் ஒரே கூண்டில் விட்டால் யார் ஜெயிப்பார்? கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது. மற்றபடி பெரிதாக விதியே இல்லை. 'மனிதச் சேவல் சண்டை' என்று கொதித்தார் செனட்டர் ஜான் மெக்கெய்ன். தடை செய்யச் சொல்லி மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் போட்டார். கேபிள் டி.வி.க்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

2001-ல் ஃபெர்டிட்டா சகோதரர்கள் இதை 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். நிர்வாகத்துக்கு டானா ஒயிட். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரத்தத்தைக் கூட்டவில்லை. எந்த அரசாங்கத்தைப் பார்த்து மற்றவர்கள் ஓடுவார்களோ, அதன் வாசலில் போய் நின்றார்கள். எடைப் பிரிவு, கையுறை, சுற்றுக்கு இத்தனை நிமிஷம், டாக்டர், தடை செய்த அடிகளின் பட்டியல் என்று சட்டத்துக்குள் வந்தார்கள்.

அப்படியும் நஷ்டம்தான். 2005-ல் கடைசி முயற்சியாக, தங்கள் கைக்காசைப் போட்டே ஒரு டி.வி. தொடர் எடுத்தார்கள். சண்டைக்காரப் பையன்களை ஒரே வீட்டில் தங்க வைத்தார்கள். அவர்கள் சமைப்பது, புலம்புவது, ஒருவர் மேல் ஒருவர் கோபப்படுவது எல்லாம் வாரா வாரம் வீட்டுக்கூடத்துக்கு வந்தது. கடைசி நாள் ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் பானரும் மோதியபோது, பார்த்தவர்களுக்கு அது நம்ம வீட்டுப் பையன் சண்டை. 2016-ல் கம்பெனியை விற்றபோது விலை சுமார் 400 கோடி டாலர்!

நம் ஊரில் ராஜ் குந்த்ராவும் சஞ்சய் தத்தும் 2012-ல் மும்பையில் 'சூப்பர் ஃபைட் லீக்' ஆரம்பித்தார்கள். கூண்டு வந்தது, விளக்கு வந்தது, நட்சத்திரங்கள் வந்தார்கள். முதல் நாள் முக்கியச் சண்டைக்கு அழைத்து வந்த அமெரிக்க ராட்சதர் பாப் சாப், முதல் சுற்றிலேயே காலில் அடிபட்டு ஆட்டத்தை விட்டார். அவர் யார், தோற்றால் நமக்கென்ன? அதைச் சொல்ல ஆளில்லை. கூண்டை மட்டும் இறக்குமதி செய்தால் இப்படித்தான் ஆகும்.

2014-ல் வந்த புரோ கபடி பாடத்தைச் சரியாகப் படித்தது. சாரு சர்மாவும் ஆனந்த் மஹிந்திராவும் ஸ்டார் டி.வி.யும் கைகோத்தார்கள். மண்ணுக்குப் பதில் மேட். பாடிப் போகிறவனுக்கு 30 விநாடிக் கெடிகாரம். அடுத்தடுத்து இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வெளியே. ஆட்டத்தின் உயிரை விட்டுவிட்டு உடம்பை மட்டும் டி.வி.க்குத் தகுந்தாற்போல் செதுக்கினார்கள். பாராட்ட வேண்டிய வேலை.

ஆனால் நம்ம 'தமிழ் தலைவாஸ்' விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. 2017-ல் அணி வந்தபோது விளம்பரத் தூதர் கமல்ஹாசன், பங்குதாரர்களில் ஒருவர் சச்சின், கேப்டன் இமாசலத்துக்காரரான அஜய் தாகூர். வெளியூர்க்காரர் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ராஞ்சிக்காரர் ஒருவரை 'தல' என்று தோளில் தூக்கியவர்கள்தானே நாம்! ஆனால் அதற்கு அவர் வருஷக்கணக்கில் நம் கண்ணெதிரே நின்றார். இங்கே ஏலத்துக்கு ஏலம் முகம் மாறுகிறது. 2022-ல் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி, அந்த சீஸன் முழுக்க ஆடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர் இல்லாமலே அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அப்படிக் கொண்டுபோன பையன்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது ரெண்டோ மூணோ.

பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ இந்தப் பக்கத்துக் கிராமத்தில் கபடி பார்த்திருப்பீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு அண்ணாச்சி மைக் பிடித்திருப்பார். 'இப்ப பாடி வர்றது நம்ம தெற்குத்தெரு தம்பி... போன வருஷம் கையை ஒடிச்சிக்கிட்டு ஆறு மாசம் சும்மா கெடந்த பய... பாருங்கய்யா, பாருங்க!' அந்தப் பையனை அதுவரை பார்த்தேயிராதவன்கூட எழுந்து நிற்பான். ஃபெர்டிட்டா சகோதரர்கள் கைக்காசு போட்டுக் கண்டுபிடித்ததை அண்ணாச்சி ஒரு டீக்குச் செய்துகொண்டிருக்கிறார்.

இதில் இன்னொரு பாதியும் உண்டு. முகத்தை வைத்துச் சம்பாதித்தால் முகத்துக்குச் சொந்தக்காரனுக்கும் பங்கு தரவேண்டும். யு.எஃப்.சி. வீரர்கள் தங்கள் சம்பளத்தை அமுக்கி வைத்ததாக 2014-ல் வழக்குப் போட்டார்கள். 2025-ல்தான் 37.5 கோடி டாலர் சமரசம் கோர்ட்டில் முடிவானது. பத்து வருஷத்துக்கு மேல்! அடி வாங்கிய உடம்பு அவ்வளவு நாள் காத்திருக்குமா?

அதனால் கபடியையோ சிலம்பத்தையோ அடுத்த பெரிய வியாபாரமாக்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஏலத்துக்குப் போகும் முன்னால் ஒரு தடவை கிராமத்து மைதானத்துக்கு வாருங்கள். எங்கள் பையனை எடுங்கள், அவன் கதையைச் சொல்லுங்கள், முழங்கால் போனால் யார் செலவு என்பதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் 'ஏங்க... வாங்க' என்று மட்டும் கூப்பிட்டால், அணை வாசல் வரை வந்து திரும்பிய கதையாகிவிடும்.