வெட்டுக்கோடு எங்கே விழுகிறது?

ஏசி ரிமோட் ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேல்மூடியும் அடிமூடியும் சேருமிடத்தில் முடி மாதிரி ஒரு கோடு. விரலை ஓட்டினால் தட்டுவதில்லை. வளைவு அறுபடாமல் வழுக்கிப் போகிறது. இரண்டு மூடிகளையும் தனித்தனியாக வரைந்து பொருத்தினால் இந்த வழவழப்பைக் கொண்டுவருவதற்குள் டிசைனருக்கு நாக்குத் தள்ளிவிடும். ஒரே பாடியாக, அதாவது ஒரே திடவடிவமாக, வரைந்துவிட்டுப் பிறகு வெட்டுவதே சுலபம். சாலிட்வொர்க்ஸ் என்ற வரைவு மென்பொருளில் இதற்கு 'ஸ்ப்ளிட்' என்று பெயர். எதிர்ப்பக்கம் 'கம்பைன்': பாடிகளைக் கூட்டலாம், கழிக்கலாம், பொதுவான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் தர்க்கத்துக்காக வகுத்த கணிதம்தான் இது. 1970களில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டும் அவருடன் இருந்தவர்களும் கணினித் திடவடிவங்களில் இதைச் செய்துகாட்டினார்கள். கழித்தலின் அருமை மோல்டு செய்பவர்களுக்குத் தெரியும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் என்றால் சுருக்கத்துக்காகப் பாகத்தைச் சுமார் 0.5 சதவீதம் பெரிதாக்கி, உலோகக் கட்டியிலிருந்து கழித்தால் குழி தயார்.

ஆனால் ஸ்ப்ளிட் ஓர் இனிய பொய்யும் சொல்கிறது. வெட்டிய இரண்டு மூடிகளும் திரையில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பொருந்தாமல் என்ன, ஒட்டிப் பிறந்தவை ஆயிற்றே! நடுவே இடைவெளி பூஜ்யம். நிஜ மோல்டிலிருந்து விழும் மூடிகளுக்கு இடைவெளி வேண்டும், ஒன்று மற்றதில் உட்காரும் உதடும் பள்ளமும் வேண்டும். வெட்டும் கட்டளை இவற்றைத் தானாகத் தராது. மறந்தால், தவறு முதல் சாம்பிள் கைக்கு வரும்போதுதான் தெரியும்.

இன்னொரு வம்பு, வரைந்த படிகளை மேலிருந்து கீழாகப் பட்டியலிடும் ஃபீச்சர் ட்ரீயின் வரிசை. வெட்டிய பாடிகளைத் தனி ஃபைல்களாகச் சேமித்தபின், மூல ஃபைலில் ஸ்ப்ளிட்டுக்கு மேலே செய்த திருத்தம் அவற்றுக்குப் போகும். கீழே சேர்த்தது போகாது. பிரிந்த ஃபைலில் போட்ட ஓட்டை மூலத்துக்குத் திரும்பவே திரும்பாது. அதைவிடத் தொல்லை, வெட்டும்போது ஒரு முகம் இரண்டாகி, பழைய விளிம்பை நம்பியிருந்த ஃபில்லெட் (விளிம்பை உருட்டும் வளைவு) திசைதெரியாமல் நிற்பது. ஃப்ரீகேட் என்ற இன்னொரு வரைவு மென்பொருளின் பயனர்கள் இதே இனத்துச் சிக்கலோடு பல்லாண்டு மல்லுக்கட்டினார்கள். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அதைப் பெருமளவு தணித்தது.

கம்பைன் சில சமயம் அடம்பிடிக்கும்: இரண்டு பாடிகள் ஒற்றை விளிம்பில் மட்டும் தொட்டால் சேர்க்க மறுத்துவிடும். பலர் திட்டுவார்கள்; நான் மென்பொருளின் பக்கம். தடிமனே இல்லாத இணைப்பை எந்தப் பட்டறையில் செய்வது?

என் குறையெல்லாம் ஒரே ஃபைலில் பல பாடிகளை வைப்பதை, தனித்தனி பாகங்களைப் பொருத்தும் அசெம்பிளிக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தின் மீதுதான். வளைவைப் பங்குபோடும் மூடிகளுக்கு ஸ்ப்ளிட்டை மிஞ்சிய வழி எனக்குத் தெரியாது. கீல், பேரிங், போல்ட் கதை வேறு: அவை அசையும், கழலும், கடையில் வாங்கப்படும். புதியவர்கள் வால்வு ஒன்றை அதன் 8 போல்ட்டுகளோடு ஒரே ஃபைலில் பாடிகளாக வரைந்துவிடுகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. அதை அசெம்பிளியில் வைத்துப் பொருள்பட்டியல் எடுத்தால் வால்வு, எண்ணிக்கை 1 என்று ஒரே வரி வருகிறது. ஸ்டோர்ஸ்காரர் எத்தனை போல்ட் எடுத்துக்கொடுப்பார்?