நாடோடிகளின் சங்கீதமும் ஆவணப்படத்தின் இலக்கணமும்

ஐரோப்பாவெங்கும் பரவி வாழும் ரோமா மக்களின் பூர்வீகம் பாரத பூமியே என்பதை, அவர்களுடைய பாஷையை ஹிந்துஸ்தானியோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானியப் பண்டிதர்கள் எடுத்துக் காட்டினார்கள். அது தெரிந்த நாள் முதலாக அம்மக்களின் பாட்டிலும் ஆட்டத்திலும் நமக்கும் ஒரு பாத்தியதை உண்டென்று பெருமை பேசிவரும் நாம், தாம்பரம் ரயில் நிலையத்து வாசலில் ஊசிமணியும் பாசிமணியும் விற்கிற நரிக்குறவருக்குச் சொந்தமாக ஒரு பாட்டு உண்டா என்று கேட்டதுண்டா? ரோமா இசையைப் பற்றிய ஆவணப்படங்களை மதிப்பிடப் புகுகையில் இக்கேள்வியையும் உடன் வைத்துக்கொள்வது நலம்.

ரோமா சங்கீதம் ஒரே சம்பிரதாயமன்று. சென்ற சென்ற தேசத்தின் இசையை வாங்கித் தம் வழியில் செப்பனிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஸ்பெயினின் தென்பகுதியில் அது பிளமென்கோவாயிற்று. ருமேனியக் கிராமங்களில், தகப்பனிடம் மகன் பிடில் கற்றுக் கல்யாணந்தோறும் வாசித்து ஜீவிக்கும் லவுத்தாரி மரபாயிற்று. பிரான்சில், தீவிபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு முடங்கிய பின்னும் கிதாரைக் கைவிடாத ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் ஜாஸாயிற்று. தாள விவகாரத்திலும் இவை ஒன்றுக்கொன்று வேறு. பிளமென்கோவின் புலேரியா, பன்னிரண்டு எண்ணிக்கையை மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு என்று பகுத்துக் கைதட்டிப் பாடப்படுவது. துருக்கி ரோமாக்களின் ஆட்டமெட்டோ இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று எனப் பிரியும் ஒன்பது. குரோம்பேட்டையிலும் நங்கநல்லூரிலும் தொடையில் தாளம் போட்டுக் கச்சேரி கேட்டுப் பழகிய ரசிகருக்கு இக்கணக்கு எட்டாததன்று.

இம்மரபுகளைத் திரையில் காட்டியவற்றுள் இரண்டு படங்கள் இரு வேறு வழிகளுக்கு உதாரணமாக நிற்கின்றன. 1993இல் டோனி கட்லிஃப் எடுத்த 'லாட்சோ டிரோம்', ராஜஸ்தானத்துப் பாலையில் தொடங்கி எகிப்து, துருக்கி, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, பிரான்சு வழியாக ஸ்பெயினில் முடிகிறது. வர்ணனைக் குரல் இல்லாமல் பாட்டையே கதையாக்குகிறது. அதில் ருமேனியக் கிழவர் நிக்கொலாயே நியாக்ஷு, பிடிலின் தந்தியில் வில்லின் ஒற்றை மயிரை முடிந்து, அதை விரல்களால் உருவி உருவி ஒரு முனகலை எழுப்பி, ருமேனியச் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் வீழ்ச்சியைப் பாடுகிறார். கையில் பச்சை குத்திய சிறை எண்ணோடு ஒரு மூதாட்டி ஆஷ்விட்ஸ் வதைமுகாமைப் பாடுகிறாள். ஆயினும் காட்சிகளிற் பல இயக்குநர் வகுத்து அமைத்தவை என்பதையும், பாலையிலிருந்து புறப்பட்ட ஒரே நெடும் பிரயாணம் என்னும் அழகிய கற்பனைக்காக ஒவ்வொரு மரபின் தனிச் சரித்திரமும் சுருக்கப்பட்டிருப்பதையும் மறந்துவிடலாகாது.

ஜாஸ்மின் டெல்லலின் 'ஜிப்ஸி கேரவன்' (2006) மற்ற வழியது. ருமேனியாவிலிருந்து இரண்டு, ஸ்பெயின், மாசிடோனியா, இந்தியா ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்று என ஐந்து குழுக்கள் அமெரிக்காவில் ஒன்றாகச் செய்த இசைப் பயணத்தை அது தொடர்கிறது. மேடையிலிருந்து இறங்கிக் கலைஞர்களின் வீட்டுக்கும் போகிறது. பெண் வேஷமிட்டுச் சுழன்றாடும் ஜெய்சல்மேர் ஹரீஷையும், ஸ்கோப்யேயின் பாடகி எஸ்மா ரெஜெபோவாவையும் பார்க்கிறவர்கள், எவர் சம்பாத்தியத்தில் எந்தக் குடும்பம் பிழைக்கிறது என்பதையும் சேர்த்தே அறிகிறார்கள். முன்னதன் கவித்துவம் இதற்கு இல்லை. இதன் நேர்மை முன்னதற்கு இல்லை.

இவற்றிலிருந்து ஆவணப்படத்துக்கு மூன்று லட்சணங்கள் கிடைக்கின்றன. பாட்டைக் காட்டும் படம், அதைப் பாடச் சொல்லிக் கூலி கொடுப்பவர் யார் என்பதையும் காட்ட வேண்டும். பாடுகிறவரை இயற்கையின் குழந்தையென்று வியக்காமல், குருவும் சாதகமும் உடைய வித்வானாக நடத்த வேண்டும். அவர்கள் மறைக்க விரும்புவதை மறைத்துக்கொள்ள இடம் விட வேண்டும்.

நம் பக்கத்திலோ, குறத்தி வேஷத்துக்குக் குறைவில்லை. கலாக்ஷேத்திரம் 1944இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கியது. 'ஒளி விளக்கு' (1968) படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் கோலத்தில் ஆடினார்கள். குறவஞ்சியின் மலைக்குறத்தி வேறு, வாக்ரிபோலி என்னும் வட இந்திய மொழிக்குடும்பத்துப் பாஷை பேசும் நரிக்குறவர் வேறு. இரண்டையும் ஒன்றாகவே பார்த்துப் பழகியது நம் கண். ரோமாவின் மொழியும் அதே பெருங்குடும்பத்தது. அதற்கு மேல் உறவு கொண்டாட ஆதாரம் வேண்டும். கரசூர் பத்மபாரதியின் 'நரிக்குறவர் இனவரைவியல்' விவரிக்கும் சாமி மூட்டை, தெய்வத்தின் ஆடைகளையும் வெள்ளித் தகட்டு உருவங்களையும் உட்கொண்டது, எளிதில் பிறர் கண்ணுக்குப் படாதது. மூன்றாம் லட்சணத்துக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேறில்லை. பழங்குடிப் பட்டியலில் 2023இல்தான் இடம்பெற்ற சமூகத்தின் வாழ்க்கையைச் சாதிச் சான்றிதழ்க் கதையாகக் குறுக்குவதும், 'ஜிப்ஸி' என்று அழகு பார்ப்பதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

தாம்பரத்துக் கல்லூரிகளில் காமிரா பிடிக்கக் கற்கும் இளைஞர்களுக்கு மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியின் நரிக்குறவர் குடியிருப்பு தூரமில்லை. அங்கே போகிறவர்கள் காமிராவை வெளியே எடுக்குமுன் வாக்ரிபோலியில் நூறு சொல்லாவது கற்றுக்கொள்ளட்டும். எடுத்த படத்தை முதலில் அந்தக் குடியிருப்பிலேயே திரையிட்டுக் காட்டட்டும். குடியிருப்பினர் வெட்டச் சொல்வதை வெட்டிய பிறகு மிஞ்சுவதே சபையேறத் தக்கது.